மலையை எவ்வளவு நேரம் பார்ப்பது?

சிவனொளிபாதமலைக்கு ஏறும் யாத்திரிகர்களை அழகாகக் காட்டிய பழைய படங்களில் ஒன்று, தேயிலை விற்பதற்காக எடுக்கப்பட்டது. 1934இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை கொடுத்த பணத்தில், ஜான் கிரியர்சனின் தயாரிப்பில், பேசில் ரைட் என்ற இளம் ஆங்கிலேயர் எடுத்த 'சாங் ஆஃப் சிலோன்' அது. ஏறத்தாழ நாற்பது நிமிட ஆவணப்படம். தேயிலைக்கு விளம்பரம் கேட்டவர்களுக்குக் கிடைத்ததோ நான்கு பகுதிகள் கொண்ட ஒரு காட்சிக் கவிதை. ராபர்ட் நாக்ஸ் 1681இல் இலங்கையைப் பற்றி எழுதிய நூலின் வரிகளைக் கொழும்பின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரான லயனல் வென்ட் நிதானமாகப் படிக்கிறார். முதியவர்கள் படியேறுகிறார்கள், மூச்சு வாங்க உட்காருகிறார்கள், மறுபடி ஏறுகிறார்கள். ஒரு மணி ஒலிக்கிறது. கிளையிலிருந்து ஒரு பறவை எழுகிறது. கேமரா அதன் பின்னாலேயே நீர்ப்பரப்பின் மேல் போக, மணியின் அதிர்வும் கூடவே போகிறது. கதை என்று பார்த்தால் இதில் ஒன்றுமே நடக்கவில்லை. 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்ற இந்தப் படத்தை இன்று கைத்தொலைபேசியில் திறக்கிறவர்களில் பாதிப்பேர், அந்தப் பறவை தரையிறங்கும் முன்பே விரலால் காட்சியைத் தள்ளிவிடுவார்கள்.

மெதுவான படங்களைப் பார்க்கப் பொறுமை வேண்டும் என்று சொல்லும்போது, அதை ஏதோ ஒரு நற்குணம் போலப் பேசிவிடுகிறோம். இருப்பவர்களிடம் இருக்கும், இல்லாதவர்களிடம் இல்லை என்று விட்டுவிடுகிறோம். அதைப் பழகிப் பெறும் ஒரு திறமையாகவே நான் பார்க்கிறேன். ஒரு படம் எதன்மேல் நேரத்தைச் செலவிடுகிறது, எதைத் தாண்டி ஓடுகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளும் திறமை அது. மலையகத்தவருக்கு அது மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கும் தேயிலை மலைகளைப் போல ஓயாமல் படம்பிடிக்கப்பட்டும், இவ்வளவு குறைவாகப் பார்க்கப்பட்ட இடம் இந்தத் தீவில் வேறு இல்லை.

இந்தக் கணக்கை முதலில் 'சாங் ஆஃப் சிலோன்' படத்திடமே கேட்கலாம். அதன் மூன்றாம் பகுதிக்கு 'வணிகத்தின் குரல்கள்' என்று பெயர். திரையில் தொழிலாளர் உழைக்கிறார்கள், பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். ஒலியிலோ சந்தை விலைகள், கடிதம் சொல்லி எழுதவைக்கும் ஆங்கிலக் குரல்கள், கப்பல் செய்திகள். 1934இல் படத்தையும் ஒலியையும் இப்படிப் பிரித்து, ஒன்றை ஒன்று கேள்வி கேட்க வைத்தது பெரிய சாதனை. இந்த மலையில் பறிக்கப்படும் இலையின் விலை எங்கோ ஓர் அறையில் முடிவாகிறது என்பதைப் பிரசார சபையின் பணத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நேரக் கணக்கு மாறவில்லை. யாத்திரிகருக்கும் நடனக்காரருக்கும் கிடைத்த நிதானம் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் படம் போகவே இல்லை. நாக்ஸின் நூல் எழுதப்பட்ட காலத்தில் இந்த மலைகளில் தேயிலையும் இல்லை, தேயிலைக்காகக் கொண்டுவரப்பட்ட தமிழரும் இல்லை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதே 1867இல்தான். ஆகவே பின்னணிக் குரலில் அந்தப் பெண்களுக்கு இடம் கிடைக்க வழியே இருக்கவில்லை. அழகான, நிதானமான படமும் ஒரு கூட்டத்தைக் காணத் தவறலாம். அதைக் கண்டுபிடிக்கவும் நிதானம் வேண்டும். ஓட்டிப் பார்க்கிறவருக்கு யாத்திரிகர், பறிப்பவர் இருவருமே ஒரே நொடிப் படம்தான்.

அமெரிக்கத் திரைப்பட அறிஞர் டேவிட் போர்ட்வெல் இப்படி ஒரு கணக்குத் தருகிறார். 1930 முதல் 1960 வரையான ஹாலிவுட் படங்களில் ஒரு ஷாட் சராசரியாக 8 முதல் 11 விநாடி நின்றது. நூற்றாண்டின் கடைசியில் அது 3 முதல் 6 விநாடியாகக் குறுகிவிட்டது. சுற்றுலா விளம்பரங்களில் இன்னும் குறைவு. பச்சை மலை, மூட்டம், கூடை சுமந்த பெண், ஒரு புன்னகை என்று மூன்று விநாடியில் முடிந்துவிடும். அதில் பொய் எதுவும் இல்லை, மலை பச்சைதான். ஆனால் அதே பெண்ணைக் கேமரா நகராமல் நான்கு நிமிடம் பார்த்தால் என்ன தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். செடியின் மேல் மட்டக்கம்பு கிடக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இரண்டு கைகளும் மாறி மாறிக் கிள்ளும். கை நிறைந்ததும் கொழுந்து தோளுக்கு மேலால் கூடைக்குள் விழும். முத்தல் இலை சேர்ந்துவிட்டால் அதைப் பொறுக்கி எறியவேண்டும். தலையில் மாட்டிய கயிறு இழுப்பதால் கழுத்து முன்னே தள்ளியே இருக்கும். சரிவில் கால் தேடி, நிலை தடுமாறாமல், அடுத்த செடிக்கு நகரவேண்டும். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். இந்த நான்கு நிமிடத்தில் அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து அந்த அழகான மலையைப் பார்க்கவில்லை என்பதும் தெரியும். மூன்று விநாடியில் மலை தெரியும், வேலை தெரியாது. வேலை என்பது திரும்பத் திரும்ப நடப்பது. அதைக் காட்டத் திரும்பத் திரும்ப நடப்பதற்கான நேரம் வேண்டும்.

நம் சினிமா இந்த நேரத்தைக் கொடுத்ததா என்றால் மிகக் குறைவு. கொடுக்க முயன்றவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 1963இல் 'தோட்டக்காரி' வந்தது. 1975இல் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 'புதிய காற்று' தயாரித்து நடித்தார். தோட்டத்து மக்களின் துயரத்தைத் திரைக்குக் கொண்டுவரவேண்டும் என்ற ஆசை இரண்டிலும் உண்டு. ஆனால் தென்னிந்தியப் படங்களோடு தியேட்டரில் போட்டிபோட வேண்டியிருந்ததால் அவற்றின் நடையையே கடன் வாங்கவேண்டியதாயிற்று. 1977இல் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி' அந்த நடையை விட்டு விலகியது. வசூலில் தோற்றது.

மலைநாட்டில் நிகழும் மெதுவான படங்களில் முக்கியமானது பிரசன்ன விதானகே 2012இல் எடுத்த 'ஒப நதுவ ஒப எக்க'. மூலம் தஸ்தயேவ்ஸ்கி 1876இல் எழுதிய கதை. ஓர் அடகுக்கடைக்காரன், அவனிடம் பொருளை அடகு வைக்க வரும் ஏழைப் பெண், இருவரின் திருமணம், அதற்குள் பரவும் மௌனம். இதையே பிரான்சில் ராபர்ட் பிரெஸ்ஸோன் 1969இல் படமாக்கினார். இந்தியாவில் மணி கௌல் 'நஸர்' என்ற பெயரில் எடுத்தார். இருவருமே நிதானத்தின் பெரிய ஆசான்கள். விதானகே கதையை மலைநாட்டுச் சிறு நகரம் ஒன்றுக்குக் கொண்டுவந்தார். கடைக்காரன் சரத்சிறி முன்னாள் இராணுவ வீரன், சிங்களவன். வருகிறவள் செல்வி, வடக்கில் போரில் சகோதரர்களைப் பறிகொடுத்து இங்கே அடைக்கலமாக வந்தவள். ஷியாம் பெர்னாண்டோவும் அஞ்சலி பாட்டீலும் நடித்தார்கள். கேமரா எம். டி. மகிந்தபால.

இந்தப் படத்தில் போர் திரைக்கு வெளியே நிற்கிறது. உள்ளே இருப்பது கடை மேசையின் இரு பக்கமும் நிற்கும் இரண்டு பேர். அவன் வீட்டில் தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருப்பான், அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்கள் பேசாத இடங்களை விரைவாகக் கடந்திருந்தால் இது ஒரு சாதாரணக் காதல் கதையாகியிருக்கும். மௌனம் நீளும்போதுதான் நாம் அவன் முகத்தில் ஏதோ ஒன்றைத் தேடத் தொடங்குகிறோம். அவன் என்ன மறைக்கிறான் என்று அவளுக்குத் தெரியும் முன்பே நமக்குச் சந்தேகம் வருகிறது. வசனம் சொல்லித் தெரிந்துகொள்வதற்கும் தானாகச் சந்தேகப்படுவதற்கும் வித்தியாசம் பெரிது. முதலாவதில் நாம் கேட்பவர்கள், இரண்டாவதில் சாட்சிகள். 2014 ஜூனில் சென்னைத் திரையரங்குகளில் வெளியானபோது, சிங்கள இயக்குநரின் படம் என்பதற்காக வந்த மிரட்டலால் காட்சிகள் நிறுத்தப்பட்டன. ஒரு சிங்கள இராணுவ வீரனின் குற்ற உணர்வைத் தமிழ்ப் பெண் ஒருத்தியின் கண்வழியாக இவ்வளவு நேரம் பார்க்க வைத்த படத்தைப் பார்க்காமலே தள்ளிவிட்டோம் என்பது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது.

அதே இயக்குநர் 2023இல் எடுத்த 'பாரடைஸ்', 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது இராமாயணத் தலங்களைப் பார்க்க மலைநாட்டுக்கு வரும் இந்தியத் தம்பதியைப் பின்தொடர்கிறது. அவர்களின் பொருட்கள் திருட்டுப்போக, பொலிஸ் தோட்டத் தொழிலாளர் மூவரைப் பிடிக்கிறது. அவர்களில் ஒருவர் இறக்கிறார். இந்தப் படத்தில் விதானகே பயணிகளின் பார்வையையே நமக்குத் தருகிறார்: பங்களா, மூட்டம், மான். தொழிலாளரோ ஓரத்தில்தான் வருகிறார்கள். அந்த ஓரத்தைக் கவனிக்கப் பழகியவருக்குப் படம் ஒரு குற்றச்சாட்டாகத் தெரியும். பழகாதவருக்கு ஒரு கணவன் மனைவி சண்டையாகவே முடிந்துவிடும். பேராதனைப் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் சுமதி சிவமோகன் 2013இல் எடுத்த 'இங்கிருந்து' அந்த ஓரத்து மக்களையே நடுவுக்குக் கொண்டுவந்தது. நேர்கோட்டுக் கதையை எதிர்பார்க்காமல் போனால் அது நிறையத் தரும். மலையகப் பாடசாலைகளில் இந்தப் படத்தின் பெயராவது தெரிந்திருக்கவேண்டும்.

இப்படிப் பொறுமையாகப் பார்க்கச் சொல்வதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு, அது தோட்டத்திலிருந்தே வரும். காலை முதல் மலையில் நின்று, கொழுந்து நிறுத்து, வீடு வந்து, அடுப்பு மூட்டும் பெண்ணிடம் போய், இன்னும் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து உழைப்பைப் பாருங்கள் என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு? பாட்டும் சிரிப்பும் அவருக்கு ஓய்வு. அந்த ஓய்வைக் கேவலமாகப் பேசுகிற கலை ஆர்வலர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்த மறுப்புக்குள் ஒரு தவறான எண்ணமும் ஒளிந்திருக்கிறது: உழைக்கும் மக்களுக்கு நீண்டதை, நிதானமானதைப் பார்க்கும் சக்தி கிடையாது என்பது. மலையகத்தின் காமன் கூத்து அதை மறுக்கிறது. மாசியில் தொடங்கி வாரக்கணக்கில் நீளும் அந்தச் சடங்கின் கடைசி இரவில் ரதியும் மதனும் சிவனும் தோட்டத்தின் நடுவே வந்துபோக, காமன் எரியும் வரை தப்பின் சத்தத்தோடு லயமே விழித்திருக்கும். முடிவு எல்லோருக்கும் முன்பே தெரியும். அப்படியிருந்தும் பனியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கூத்தும் மெதுவான படமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கூத்தில் நடுவே எழுந்து போகலாம், தேநீர் குடிக்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். ஆனால் கூத்தின் நீளம் யாரையும் விரட்டுவதில்லை. எந்த அடிக்கு என்ன அர்த்தம், எந்த வரவுக்குப் பின் எது வரும் என்பதைப் பிள்ளைப் பருவத்திலேயே பழகியிருக்கிறார்கள். இந்தப் படங்களில் நம்மை விரட்டுவதும் நீளம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவற்றின் வழக்கம் நமக்குப் பழகாததே முக்கிய காரணம், பழக்கம் வரக்கூடியது.

இரண்டாவது மறுப்பு: மெதுவாக இருந்தாலே கலையா? வெளிநாட்டு விழாக்களுக்காக வறுமையை நீட்டி நீட்டிக் காட்டுகிற படங்கள் இல்லையா? இருக்கின்றன. நகராத கேமரா வெறுமையையும் மறைக்கும். ஆகவே நீளத்தைக் கண்டு மரியாதை செய்யத் தேவையில்லை. பார்க்கவேண்டியது, நீளும் நேரத்தில் ஏதாவது சேருகிறதா என்பதுதான். பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் அகெர்மான் 1975இல் எடுத்த 'ஜான் தீல்மான்' 201 நிமிடம் ஓடும். ஒரு விதவைத் தாய் மூன்று நாள் உருளைக்கிழங்கு உரிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், விளக்கை அணைக்கிறாள். முதல் நாளில் அவள் வேலை பிசகில்லாமல் நடக்கிறது. இரண்டாம் நாள் கிழங்கு அதிகமாக வெந்துவிடுகிறது. அதைப் பார்த்து நமக்குப் பதற்றம் வருகிறது, ஏனென்றால் முதல் நாள் முழுவதையும் அவளோடு இருந்திருக்கிறோம். வெந்துபோன கிழங்கு ஒரு பேரிடியாகத் தெரிவதற்கு அத்தனை நிமிடங்களும் தேவைப்பட்டன. 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 2022இல் நடத்திய வாக்கெடுப்பில் விமர்சகர்கள் இதையே உலகின் தலைசிறந்த படமாகத் தேர்ந்தார்கள். அதற்காக நீங்கள் பார்க்கவேண்டியதில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும் நேரத்தில் எவ்வளவு நடக்கலாம் என்று அறிவதற்காகப் பார்க்கலாம்.

தமிழிலேயே இதற்குச் சாட்சி உண்டு. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா, பள்ளி நாட்களில் ஹட்டன் வீதியில் உள்ள கித்துல்கலையில் ஆங்கிலேய இயக்குநர் டேவிட் லீனின் படப்பிடிப்பைப் பார்த்துத்தான் சினிமா ஆசை பிடித்ததாகச் சொல்லியிருக்கிறார். அவர் பின்னாளில் எடுத்த 'வீடு' படத்தில் சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி கட்டிய வீட்டைத் தனியாகப் பார்க்க வருகிறார். வசனம் இல்லை. ஒவ்வோர் அறையாக நுழைகிறார், சுவரைத் தொடுகிறார், நிற்கிறார். வேகமான படம் இதை ஒரு முகபாவத்தில் முடித்துவிடும். இங்கே அவர் நடக்கும் தூரம் முழுவதையும் நாமும் நடப்பதால், வாடகை வீட்டிலேயே வாழ்ந்த ஒருவருக்குச் சொந்தச் சுவர் என்றால் என்ன என்பது உடம்பில் ஏறுகிறது. பரம்பரையாகத் தோட்டத்துக்குச் சொந்தமான லயத்தில் வாழ்ந்து, காணி கேட்டுக் காத்திருப்பவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை.

பழகத் தொடங்குகிறவர்கள் ஏழு மணி நேரப் படத்தில் கை வைக்கவேண்டாம். பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 75 நிமிடம்தான். 2021இல் ராட்டர்டாம் விழாவின் புலி விருதை வென்றது. குடிகாரத் தகப்பனும் மகனும் மேலூர்ப் பக்கத்து வெயிலில் நடப்பதுதான் படம். அதன் கடைசியில் பெண்கள் ஒரு குழியில் ஊறும் நீரை அள்ளக் காத்திருக்கிறார்கள். நீர் ஊறும் நேரம்தான் ஷாட்டின் நேரம். அடுத்து லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' பார்க்கலாம். 2018இல் வந்த அந்தப் படத்தில் தேனி ஈஸ்வரின் கேமரா ஏலத்தோட்டத்துக்குச் சுமையோடு ஏறி இறங்குபவர்களின் பின்னாலேயே நடக்கிறது. நிலமில்லாத ரெங்கசாமிக்குத் துண்டுக் காணி வாங்குவதே வாழ்க்கையின் ஆசை. தோட்டத்து வாழ்வைக் கொந்தளிப்போடு சொன்ன பாலாவின் 'பரதேசி'யை அதற்குப் பிறகு மறுபடி பார்த்தால், ஒன்று நம்மை அழவைக்கும் விதமும் மற்றது யோசிக்கவைக்கும் விதமும் தெளிவாகப் பிரிந்து தெரியும். எனக்கு இரண்டாவதுதான் நீண்ட நாள் நிற்கிறது.

பார்க்கும் விதத்திலும் சிறிது ஒழுங்கு வேண்டும். ஒரே அமர்வில், இருட்டில், தொலைபேசியை எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு ஷாட் நீள்கிறது என்று எரிச்சல் வந்தால் கண்ணை நடுவிலிருந்து எடுத்து ஓரங்களுக்குக் கொண்டுபோங்கள். அடுத்து ஒலியைக் கேளுங்கள். பிறகு, இயக்குநர் ஏன் இன்னும் வெட்டவில்லை என்று கேளுங்கள். சிலவேளை பதில் இருக்காது, அப்போது படம் தோற்றுவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். இதையெல்லாம்விட முக்கியம் கூட்டமாகப் பார்ப்பது. தோட்டத்துச் சனசமூக நிலையத்திலோ பாடசாலை மண்டபத்திலோ ஒரு வெள்ளைத் துணியும் படவீழ்த்தியும் போதும். கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற பெண்கள் முன்வரிசையில் இருக்கட்டும். தேயிலைக் காட்சி ஒன்று வந்தால் கிள்ளுவது நடிகையின் கையா, பழகிய கையா என்று அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். கவ்வாத்து வெட்டிய மலையை எந்த மாதத்தில் எடுத்திருப்பார்கள், கூடை நிறைந்த கூடையா வெறும் கூடையா, கங்காணி அந்த இடத்தில் நிற்பாரா என்றெல்லாம் பேச்சு வளரும். எந்தத் திரைப்படக் கல்லூரியும் இதைச் சொல்லித்தராது. பாடசாலைப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பேச்சை எழுதி வைத்தால், மலையகத்தின் திரைப்பட விமர்சனம் அந்தக் கொப்பிகளில் தொடங்கும்.